ஓர் அட்டைக்கு எத்தனை ஜெராக்ஸ்? அடையாள ஆவணங்களின் குப்பையைக் குறைக்கும் வழி

இந்த அத்தியாயத்தைப் படிக்கும் முன் வீட்டு பீரோவில் இருக்கும் அந்த பைலை எடுத்து மேஜைமேல் வையுங்கள். ஆதார், பான், வோட்டர் ஐடி, ரேஷன் கார்டு, லைசென்ஸ், பாஸ்போர்ட் என்று ஒரு குடும்பத்தின் ஒரிஜினல்கள் எல்லாம் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். பைல் பிதுங்குவதற்குக் காரணம் மற்றவை. முகமே கருத்துப்போன ஆதார் ஜெராக்ஸ்கள், ஓரம் பிரிந்து மஞ்சளான லேமினேஷன் அட்டைகள், வருடா வருடம் உள்தாள் ஒட்டிய பழைய ரேஷன் புத்தகம், எப்போதோ எடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்கள்.

அரசு தரும் அட்டை ஒன்றுதான். அதைச் சுற்றி நாம் சேர்க்கும் தாளும் பிளாஸ்டிக்கும், அவற்றுக்காக பெட்ரோல் செலவழித்து அலையும் அலைச்சலும்தான் பெரிய சுமை. அட்டை எந்தப் பொருளில் அச்சாக வேண்டும் என்பது நம் கையில் இல்லை. எத்தனை நகல் எடுக்கிறோம், எதை லேமினேட் செய்கிறோம், எதை வீணாக மறுபடி அச்சடிக்கச் சொல்கிறோம், பழையதை என்ன செய்கிறோம் என்பவை நம் கையில் இருக்கின்றன. இந்த அத்தியாயம் அவற்றைப் பற்றி மட்டும் பேசுகிறது.

தெரிந்துகொள்ள வேண்டிய கொஞ்சம் விஞ்ஞானம்

பர்ஸில் வைக்கும் அட்டைகளுக்கு உலகம் முழுக்க ஒரே அளவு: 85.6 மி.மீ. நீளம், சுமார் 54 மி.மீ. அகலம், 0.76 மி.மீ. தடிமன். பெரும்பாலானவை பிவிசி பிளாஸ்டிக்கில் செய்தவை. தூய பிவிசியின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். மண்ணில் கிடந்தால் மக்காது. எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு கலந்த புகை வரும். குறைந்த சூட்டில் அரைகுறையாக எரியும்போது டையாக்சின்களும் உருவாகும். லேமினேஷன் உறை வேறு வகை. பாலியெஸ்டர் தாளின் உள்பக்கம் சூட்டில் உருகி ஒட்டும் பசை பூசியிருப்பார்கள். அது காகிதத்தை இரு பக்கமும் கவ்விக்கொள்வதால் காகித ஆலையில் கூழாக்கவும் முடியாது, பிளாஸ்டிக்காகத் தனியே பிரிக்கவும் முடியாது. இனி வேலைக்குப் போவோம்.

பைலைப் பிரித்தல்

1. எல்லாவற்றையும் தரையில் விரித்து நான்கு குவியலாகப் பிரியுங்கள்: இன்று செல்லுபடியாகும் ஒரிஜினல்கள், காலாவதியான அல்லது மாற்றப்பட்ட அட்டைகள், ஜெராக்ஸ்கள், காலமானவர்களின் ஆவணங்கள். இப்போதைக்கு எதையும் கிழிக்க வேண்டாம்.

2. முதல் குவியலுக்கு ஒரு பட்டியல் எழுதுங்கள். யாருடையது, எந்த ஆவணம், முடியும் தேதி, அதனுடன் இணைந்த செல்போன் எண். ஆவண எண்ணில் கடைசி நான்கு இலக்கம் போதும். முழு எண்களையும் ஒரே தாளில் எழுதி வைத்தால், அந்தத் தாள் தொலையும் அன்று எல்லாமே தொலைந்ததற்குச் சமம்.

3. ஒவ்வொரு ஆவணத்திலும் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்று எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். நம் ஊரில் பாதிச் சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும். மதிப்பெண் சான்றிதழில் பின்னால் இருக்கும். பானில் இனிஷியல் விரிந்து அப்பாவின் முழுப்பெயராக நிற்கும். இந்த வித்தியாசத்தால்தான் விண்ணப்பம் திரும்பி வருகிறது, மறுபடி ஜெராக்ஸ், மறுபடி அட்டை, மறுபடி பஸ்.

பெயரைத் திருத்தும் வரிசை

ஒரு இடத்தில் திருத்தி, அது இன்னொன்றோடு மோதி, அதையும் திருத்தி என்று சுற்றுபவர்கள் நிறையப் பேர். வரிசை தெரிந்தால் ஒரே சுற்றில் முடிக்கலாம்.

1. அடிப்படை ஆவணம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். படித்தவர்களுக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ்.
2. ஆதாரை அதற்கு ஏற்பத் திருத்துங்கள்.
3. ஆதாரைப் பார்த்து பானைத் திருத்துங்கள்.
4. வோட்டர் ஐடி, ரேஷன் கார்டு, லைசென்ஸ், வங்கிக் கணக்கு அதன் பிறகு.

கவனம்: ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரு முறையும்தான் மாற்றலாம் என்று ஆதார் ஆணையம் வரம்பு வைத்திருக்கிறது. அவசரத்தில் தப்பாகத் திருத்தி ஒரு வாய்ப்பை வீணாக்காதீர்கள். திருத்த மையத்தில் ஆபரேட்டர் தட்டச்சு செய்து முடித்ததும் கொடுக்கும் ஒப்புகைச் சீட்டை அங்கேயே நின்று, இனிஷியலுக்குப் பின் உள்ள இடைவெளி உட்பட, வாசித்துப் பாருங்கள்.

டிஜிலாக்கரைச் சரியாக அமைத்தல்

மத்திய அரசின் டிஜிலாக்கர் 2015 ஜூலையில் வந்தது. 2017-ல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் விதிகள் திருத்தப்பட்டு, அதில் அரசுத் துறை நேரடியாக வழங்கும் ஆவணம் ஒரிஜினலுக்குச் சமம் என்று ஆனது. 2018-ல் லைசென்ஸ், ஆர்.சி. இரண்டையும் டிஜிலாக்கரிலோ எம்பரிவாகன் செயலியிலோ காட்டினால் ஏற்க வேண்டும் என்று சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. அதே ஆண்டு ரயில்வேயும் டிஜிலாக்கரில் உள்ள ஆதாரையும் லைசென்ஸையும் பயண அடையாளமாக ஏற்றது.

1. ஆதாருடன் இணைந்த செல்போன் எண் இன்று உங்கள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஓடிபி அதற்குத்தான் வரும். எண் மாறியிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஆதார் சேவை மையத்துக்கு ஒரு முறை நேரில் போவது நேரான வழி. போகும்போது வீட்டில் வேறு யாருக்கேனும் திருத்தம் இருந்தால் அவர்களையும் கூட்டிப்போய் ஒரே பயணத்தில் முடியுங்கள்.

2. செயலியைப் போனின் அதிகாரபூர்வக் கடையிலிருந்து மட்டும் இறக்குங்கள். வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பைத் தொடாதீர்கள்.

3. ஆதார் எண், ஓடிபி கொடுத்துக் கணக்கைத் திறந்து ஆறு இலக்க பின் நம்பர் வையுங்கள். பிறந்த தேதியைப் பின் நம்பராக வைக்க வேண்டாம். அதைத்தான் எல்லா ஜெராக்ஸிலும் அச்சடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

4. தேடும் இடத்தில் ஒவ்வொரு ஆவணமாகத் தேடி வரவழையுங்கள். லைசென்ஸ், ஆர்.சி., பான், மதிப்பெண் சான்றிதழ்கள். பெயர் பொருந்தாவிட்டால் ஆவணம் வராது. அப்படி வராவிட்டால் மேலே சொன்ன திருத்த வரிசைக்குத் திரும்புங்கள்.

5. வந்த ஒவ்வொன்றையும் ஒரு முறை திறந்து பாருங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு: அட்டையைப் போட்டோ எடுத்து டிஜிலாக்கரில் ஏற்றிவிட்டு, வேலை முடிந்தது என்று நினைப்பது. நாமே ஏற்றியது வேறு பகுதியில் உட்காரும்; அது வெறும் படம். துறை வழங்கிய பகுதியில் வரும் ஆவணத்துக்கு மட்டுமே ஒரிஜினலுக்குச் சமமான மதிப்பு. டிக்கெட் பரிசோதகர் ஏற்காமல் போனால் பெரும்பாலும் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

இ-ஆதார் பிடிஎஃப் திறக்க பாஸ்வேர்டு கேட்கும். ஆங்கிலப் பெரிய எழுத்தில் பெயரின் முதல் நான்கு எழுத்துகள், பிறகு நான்கு இலக்கப் பிறந்த ஆண்டு. இனிஷியல் முன்னால் இருந்தால் அதையும் அதற்குப் பின் உள்ள புள்ளியையும் சேர்த்து நான்காக எண்ண வேண்டும். பி. குமார் என்று அச்சாகியிருந்தால் பி, புள்ளி, கே, யூ. இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் பிரவுசிங் சென்டருக்குப் போய், அங்கே கலர் பிரிண்ட் எடுத்து, கையோடு லேமினேஷனும் போட்டுத் திரும்புகிறவர்கள் ஏராளம்.

கையெழுத்து இருக்கும் இடத்தில் மஞ்சள் கேள்விக்குறி தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஆவணம் போலி என்று அதற்கு அர்த்தமில்லை. உங்கள் கணினி அந்த டிஜிட்டல் கையெழுத்தை இன்னும் சரிபார்க்கவில்லை, அவ்வளவுதான். அதற்காக மறுபடி மறுபடி அச்சடிப்பதில் பயனில்லை.

புது அட்டை கேட்கும் முன்

பான்: இதுவரை பான் எடுக்காத, ஆதார் இருப்பவர்கள் வருமான வரித்துறைத் தளத்தில் உடனடி இ-பானை இலவசமாகப் பெறலாம். பிடிஎஃபாக வரும் அதற்கும் பிளாஸ்டிக் அட்டைக்கும் ஒரே மதிப்பு. விண்ணப்பப் படிவத்தில் அட்டை வேண்டுமா என்று கேட்கும் இடத்தில் வேண்டாம் என்று குறித்தால் கட்டணமும் குறையும். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை பான் 2.0 திட்டத்துக்கு ஒப்புதல் தந்ததும், பழைய அட்டை செல்லாது என்று ஊரெல்லாம் வதந்தி பரவியது. பழைய பான் செல்லும். கியூஆர் இல்லை என்பதற்காக வீட்டில் உள்ள எல்லோருக்கும் புது அட்டை போடத் தேவையில்லை.

ஆதார்: தபாலில் வந்த காகிதக் கடிதம், இ-ஆதார், செயலியில் இருப்பது, பிவிசி அட்டை எல்லாமே ஒரே மதிப்புள்ளவை. முகவரி மாறினால் தளத்தில் திருத்திவிட்டு இ-ஆதாரைப் புதிதாக இறக்கிக்கொண்டால் போதும். கடைத்தெருவில் 'ஸ்மார்ட் ஆதார்' என்று போட்டுத் தருகிறார்களே, அதற்குத் தனி மதிப்பு எதுவும் இல்லை. உங்கள் எண்ணும் முகமும் அந்தக் கடைக் கணினியில் தங்கும் ஆபத்துதான் மிச்சம். பிவிசி வேண்டும் என்றால் ஆணையத்தின் தளத்தில் மட்டும் கேளுங்கள். கட்டட வேலைக்கோ மீன்பிடிக்கவோ போகிறவர், மழையிலும் வியர்வையிலும் பர்ஸ் நனைகிறவர், பிவிசி வாங்குவதுதான் சரி. காகிதத்தை மாதாமாதம் அச்சடித்து லேமினேட் செய்வதைவிட ஓர் அட்டை பல ஆண்டு உழைப்பது மேல். அலமாரியில் தூங்கப்போகும் அட்டைக்கு பிவிசி எதற்கு?

வோட்டர் ஐடி: 2021 ஜனவரி முதல் மின்னணு வாக்காளர் அட்டையை இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. அட்டை தொலைந்தாலும், பட்டியலில் பெயர் இருந்தால் ஆதார், லைசென்ஸ், பாஸ்போர்ட் போன்ற மாற்று ஆவணங்களோடு வாக்களிக்கலாம். தேர்தலுக்கு முந்தின வாரம் அட்டைக்காக ஓடுவதைவிட, பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம்.

ரேஷன் கார்டு: தமிழ்நாட்டில் 2017-ல் ஸ்மார்ட் கார்டு வந்த பிறகு உள்தாள் ஒட்டும் வேலை ஒழிந்தது. பெயர் சேர்ப்பு, நீக்கம், முகவரி மாற்றம் மூன்றும் நெருங்கி வந்தால், மூன்றையும் முடித்துவிட்டு ஒரே முறை அட்டை கேளுங்கள். கல்யாணம் ஆன வீடுகளில் இதை மறந்து இரண்டு மூன்று அட்டை அச்சடிக்க வைக்கிறோம்.

பாஸ்போர்ட்: 36 பக்கம், 60 பக்கம் என்று இரண்டு உண்டு. பெரியவர்களுக்குப் பத்து ஆண்டு செல்லும். அடிக்கடி வெளிநாடு போகிறவர் 36 பக்கத்தை எடுத்தால், பக்கம் தீர்ந்து பாதியிலேயே புதுப்புத்தகம் கேட்க வேண்டி வரும். சிங்கப்பூரில் இருக்கும் மகளை எப்போதாவது பார்க்கப் போகும் பெற்றோருக்கு 36 தாராளம்.

ஜெராக்ஸ் கேட்கும் இடத்தில்

இந்த அத்தியாயத்தில் அதிகம் மிச்சமாகும் இடம் இது. ஜெராக்ஸ் கேட்பது பல இடங்களில் வெறும் பழக்கம். மறுத்துச் சண்டை போட வேண்டாம். வரிசையாகக் கேளுங்கள்.

1. "ஒரிஜினலைக் காட்டுறேன், பார்த்துட்டுக் குடுத்துருங்க. போதுமா?" என்று முதலில் கேளுங்கள். வாசலில் இருக்கும் செக்யூரிட்டிக்கும் கூரியர் அலுவலகத்துக்கும் பல நேரம் இதுவே போதும்.

2. போதாது என்றால், "டிஜிலாக்கர்ல காட்டட்டுமா? கியூஆர் ஸ்கேன் பண்ணிக்கிறீங்களா?" என்று கேளுங்கள். லாட்ஜிலும் விமான நிலையத்திலும் இது பழகிவிட்டது.

3. அதுவும் இல்லை என்றால், ஆதாரைத் தவிர வேறு ஆவணம் ஏற்பார்களா என்று கேளுங்கள். தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் தீர்ப்பளித்தது.

4. ஆதாரேதான் வேண்டும் என்றால் முகமூடி ஆதாரைக் கொடுங்கள். இ-ஆதார் இறக்கும்போதே அதற்கான கட்டத்தை டிக் செய்தால், முதல் எட்டு இலக்கம் மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரியும் பிடிஎஃப் வரும். அரசு மானியம் போன்றவற்றுக்கு முழு எண் கேட்பார்கள். அங்கே முழுசாகத்தான் கொடுக்க வேண்டும்.

5. காகிதம் கொடுத்தே ஆக வேண்டிய இடத்தில், முகத்தையும் எண்ணையும் மறைக்காமல், நகலின் குறுக்கே பேனாவால் எழுதுங்கள்: எந்த வேலைக்காக, யாரிடம், எந்தத் தேதியில். பக்கத்தில் கையெழுத்து. அந்தத் தாளை வேறு வேலைக்கு எடுத்துப் பயன்படுத்துவது கடினமாகும்.

சிம் கார்டு கடையில் ஜெராக்ஸ் கேட்டால் கொடுக்காதீர்கள். காகித முறையிலான அடையாளச் சரிபார்ப்பைத் தொலைத்தொடர்புத் துறை 2024 ஜனவரி 1 முதல் நிறுத்திவிட்டது. வங்கியில் ஒரு முறை கேஒய்சி முடித்தவர்களுக்கு மத்தியப் பதிவகத்தில் 14 இலக்க எண் ஒன்று கிடைத்திருக்கும். அடுத்த வங்கியிலோ மியூச்சுவல் ஃபண்டிலோ கணக்குத் தொடங்கும்போது அந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள். புதிதாக நகல் கட்டு தேவைப்படாமல் போகலாம். ஆவணங்களில் கெசட்டட் ஆபீசர் கையெழுத்து வாங்க அலைவதும் பெரும்பாலான இடங்களில் தேவையில்லை. நம் கையெழுத்தைப் போட்டு நாமே சான்று சொல்லும் முறை பத்தாண்டுகளுக்கு மேலாக நடப்பில் இருக்கிறது.

கடை வாசலில் நின்று கவனிக்க வேண்டியது

ஜெராக்ஸ் கடையில் அட்டையை நீட்டிவிட்டுப் போனைப் பார்க்கத் தொடங்கினால் நடப்பது இது. முன்பக்கத்தைக் கண்ணாடியில் வைத்து மூடி, ஒரு தாள் வருகிறது. கருப்பாக வருகிறது. அதை மேஜைக்குக் கீழே உள்ள கூடையில் போட்டுவிட்டு வெளிச்சத்தைக் கூட்டி இன்னொன்று. பிறகு பின்பக்கத்துக்கு வேறு தாள். மூன்று ஏ-4 தாள், அட்டையோ உள்ளங்கை அளவு. கூடையில் விழுந்த அந்தக் கருப்புத் தாளிலும் உங்கள் எண் இருக்கிறது. பக்கோடா கட்டவும் அது போகலாம், வேறு யார் கைக்கும் போகலாம்.

ஆகவே, கொடுக்கும்போதே சொல்லுங்கள்: "அண்ணா, முன்னாடி பின்னாடி ரெண்டும் ஒரே தாள்ல, ஒரே பக்கத்துல போட்டுக் குடுங்க. பெருசாக்க வேண்டாம்." ஒன்றுக்கு மேற்பட்ட நகல் தேவை என்றால் முதல் தாளைப் பார்த்துத் தெளிவாக இருக்கிறது என்று சொன்ன பிறகே மற்றவை. வீணான தாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். யாரும் தர மறுக்க மாட்டார்கள். 'எதற்கும் இருக்கட்டும்' என்று கூடுதலாகப் பத்து எடுப்பதை நிறுத்துங்கள். முகவரி மாறும், எண்ணும் படமும் தேவைக்கு மேல் ஊரில் சுற்றும்.

பாதுகாப்பு: கடைக்காரரின் மெயிலுக்கோ வாட்ஸ்அப்புக்கோ பிடிஎஃப் அனுப்பி பிரிண்ட் எடுக்க நேர்ந்தால், முகமூடி ஆதாரை மட்டும் அனுப்புங்கள். முடிந்ததும் கடைக் கணினியில் இறங்கிய கோப்பையும் குப்பைக் கூடையையும் உங்கள் கண்முன் அழிக்கச் சொல்லுங்கள். பிரவுசிங் சென்டரில் டிஜிலாக்கர் திறந்திருந்தால் லாக்-அவுட் செய்யாமல் எழுந்திருக்காதீர்கள். பிடிஎஃப் அளவைச் சுருக்கித் தருவதாகச் சொல்லும் முகம் தெரியாத இணையதளங்களில் ஆவணங்களை ஏற்றவே வேண்டாம்.

பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கும் இதே கதைதான். ஸ்டுடியோவில் மென்பிரதியை உங்கள் மெயிலுக்கு அனுப்பச் சொல்லி, தேவையான எண்ணிக்கைக்கு மட்டும் அச்சு வாங்குங்கள்.

லேமினேஷன் வேண்டாம்

பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் சான்றிதழ் இவற்றைப் பாதுகாப்பதாக நினைத்து லேமினேட் செய்கிறோம். வெளிநாட்டு வேலைக்கோ படிப்புக்கோ சான்றொப்பம் வாங்கப் போகும்போது, லேமினேட் செய்த ஒரிஜினலின் பின்பக்கத்தில் முத்திரை குத்த முடியாமல் திருப்பி அனுப்புவார்கள். பிறகு பல்கலைக்கழகத்தில் டூப்ளிகேட்டுக்கு விண்ணப்பம், கட்டணம், காத்திருப்பு, புதுத்தாள். சூட்டில் சில அச்சு மைகள் வெளிறவும் செய்யும்.

லேமினேஷனுக்குப் பதில் ஒரு பக்கம் திறந்த தெளிவான பிளாஸ்டிக் உறை வாங்குங்கள். ஒன்றைப் பல ஆண்டு பயன்படுத்தலாம். வேப்பிலையோ நாப்தலின் உருண்டையோ ஆவணத்தில் நேராகப் படக் கூடாது. பைலை ஈரம் ஏறும் சுவரோரம், மாடிப்படிக்குக் கீழே வைக்காதீர்கள். ஏற்கெனவே லேமினேட் செய்துவிட்டீர்களா? பிரித்தெடுக்க முயலாதீர்கள். இஸ்திரிப் பெட்டி வைத்துப் பிரிக்கச் சொல்லும் வீடியோக்களை நம்பினால் எழுத்தும் பிளாஸ்டிக்கோடு வந்துவிடும். அப்படியே வைத்திருந்து, தேவை வரும்போது வழங்கிய அலுவலகத்தில் கேளுங்கள்.

வருவாய்த்துறையின் சாதி, வருமான, இருப்பிடச் சான்றிதழ்கள் இப்போது இ-சேவை வழியாக டிஜிட்டல் கையெழுத்தோடு வருகின்றன. அவற்றில் பிடிஎஃப்தான் ஒரிஜினல். கையில் இருக்கும் தாள் அதன் அச்சு. அந்த அச்சுக்கு லேமினேஷன் முற்றிலும் வீண்.

பழையதைக் கழித்தல்

போகிக்கு முந்தின நாள் பைலைக் காலி செய்யும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. வழக்கம் நல்லது. நெருப்பில் மட்டும் போடாதீர்கள். பழைய பாயோடும் தாளோடும் சேர்ந்து ஐந்தாறு பிவிசி அட்டையும் லேமினேஷன் உறைகளும் எரிந்தால், அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது நெருப்பைச் சுற்றி நின்று மேளம் அடிக்கும் குழந்தைகள்.

1. அழிக்கக் கூடாதவற்றை முதலில் ஒதுக்குங்கள். பாஸ்போர்ட் சட்டப்படி இந்திய அரசின் சொத்து. ரத்தான பழைய பாஸ்போர்ட்டை மூலை வெட்டித் திருப்பித் தருவார்கள். அதில் உயிருள்ள விசா இருக்கலாம், பழைய பயண விவரம் பின்னால் கேட்கப்படலாம். வைத்திருங்கள்.

2. காலமானவர்களின் ஆவணங்களை வாரிசுச் சான்றிதழ், பென்ஷன், வங்கிக் கணக்கு, பட்டா மாற்றம் எல்லாம் முடியும்வரை தொடாதீர்கள். துக்கத்தில் வீட்டைச் சுத்தம் செய்யும்போது இதைத் தூக்கிப்போட்டுவிட்டு வருடக்கணக்கில் அலையும் குடும்பங்கள் உண்டு.

3. ஒருவருக்கே இரண்டு பான் எண் இருந்தால், அட்டையை வெட்டிப்போடுவது தீர்வாகாது. கூடுதல் எண்ணை வருமான வரித்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். இரண்டு எண் வைத்திருந்தால் ரூ. 10,000 அபராதம் விதிக்கச் சட்டம் இருக்கிறது.

4. ஜெராக்ஸ்களில் படம், எண், கையெழுத்து, கியூஆர் உள்ள பகுதியை மட்டும் கத்தரித்து எடுங்கள். மீதித் தாள் முழுசாகப் பழைய பேப்பர்காரருக்குப் போகட்டும். எல்லாவற்றையும் பொடிப்பொடியாகக் கிழித்தால் காகித நார் குட்டையாகி, தாளின் மறுசுழற்சி மதிப்பு குறையும். பலர் வாங்கவும் மாட்டார்கள். கத்தரித்த துண்டுகளை ஒரு வாளித் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் பிசைந்துவிட்டால் எதையும் படிக்க முடியாது.

5. பிவிசி அட்டைகளை எண்ணின் குறுக்கே, படத்தின் குறுக்கே, கியூஆரின் குறுக்கே வெட்டுங்கள். பாதித் துண்டுகளை இந்த வாரம் உலர் கழிவில் போடுங்கள், மீதியை அடுத்த வாரம். கத்தரிக்கோலில் துண்டு தெறிக்கும். துணிப்பைக்குள் கையை வைத்து வெட்டினால் கண்ணுக்கு நல்லது.

6. தங்க நிறச் சிப் உள்ள அட்டைகளில் சிப்பையும் இரண்டாக வெட்டி, பழைய சார்ஜர், பேட்டரிகளோடு மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

7. லேமினேட் செய்தவற்றுக்கு நல்ல வழி எதுவும் இல்லை. வெட்டி உலர் கழிவில் போடுவதுதான். அடுத்ததை லேமினேட் செய்யாமல் இருப்பதற்கு இது ஒன்றே போதிய காரணம்.

காகிதம் வேண்டிய இடங்கள்

எல்லாவற்றையும் போனுக்கு மாற்றிவிட்டு வெறுங்கையோடு கிளம்பாதீர்கள். வாக்குச்சாவடிக்குள்ளும் பெரும்பாலான போட்டித் தேர்வு மையங்களிலும் செல்போனுக்கு அனுமதி இல்லை. இரவு ரயிலில் சார்ஜ் தீர்ந்தால் டிஜிலாக்கர் உதவாது. வீட்டில் ஒவ்வொருவர் பர்ஸிலும் ஏதாவது ஓர் அசல் அட்டை இருக்கட்டும், ஒன்று போதும்.

ஸ்மார்ட்போன் இல்லாத அம்மாவையும் தாத்தாவையும் இதற்குள் வற்புறுத்தி இழுக்க வேண்டாம். அவர்கள் பெயரில் கணக்குத் திறந்து ஓடிபி, பின் நம்பர் எல்லாம் பேரன் போனில் இருப்பது வசதியாகத் தோன்றும். அவர்களின் பென்ஷனும் நிலமும் அதே எண்களில்தான் தொங்குகின்றன. அவர்களுக்குக் காகித ஆதார் ஒன்று, பிளாஸ்டிக் உறை ஒன்று, எழுத்துத் தெளிவான இரண்டு நகல். அது போதும், அதுவே சிக்கனமும்கூட.

வெள்ளம் வரும் பகுதியில் இருப்பவர்கள் டிஜிட்டல் பிரதியைக் கட்டாயம் வைத்திருங்கள். 2015 டிசம்பரில் சென்னையிலும் கடலூரிலும் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது, ஆயிரக்கணக்கானோர் சான்றிதழ்களைப் பறிகொடுத்துச் சிறப்பு முகாம்களில் வரிசையில் நின்றார்கள். மழைக்காலம் தொடங்கும் முன், ஒரிஜினல்களை ஜிப் உள்ள நீர்புகாப் பையில் போட்டு பீரோவின் மேல்தட்டுக்கு ஏற்றிவிடுங்கள்.

நீங்களே கேட்கும் இடத்தில் இருந்தால்

அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளராகவோ, பள்ளி அலுவலகத்திலோ, டியூஷன் சென்டரிலோ, டிராவல்ஸிலோ இருப்பவர் நீங்கள் என்றால், வீட்டில் மிச்சப்படுத்துவதைவிடப் பல மடங்கு இங்கே மிச்சப்படுத்தலாம். நூறு பேர் விண்ணப்பிக்கும் படிவத்தில் ஒரு வரியை எடுத்தால் நூறு தாள் மிச்சம்.

1. உங்கள் படிவத்தை எடுத்து, இணைக்க வேண்டியவை என்ற பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொரு நகலும் சேர்ந்த பின் யார் அதைத் திறந்து பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். யாரும் இல்லை என்றால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

2. சரிபார்க்கத்தான் வேண்டும் என்றால், ஒரிஜினலையோ டிஜிலாக்கரையோ பார்த்து, படிவத்தில் ஆவண வகை, கடைசி நான்கு இலக்கம், பார்த்த தேதி, பார்த்தவர் கையெழுத்து போட நான்கு கட்டம் அச்சிடுங்கள்.

3. சட்டம் நகலைக் கேட்கும் இடங்களில் மட்டும் வாங்குங்கள். எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும் என்று பைலின் முதுகில் எழுதுங்கள். 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் போக்கும் இதுதான்: நோக்கத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்கு, நோக்கம் முடிந்ததும் அழித்துவிடு.

4. அலமாரியில் ஏற்கெனவே குவிந்திருக்கும் பழைய நகல்களை மேலே சொன்ன முறைப்படி கழியுங்கள். மொத்தமாகப் பழைய பேப்பர் கடைக்கு எடை போட்டுவிடக் கூடாது. அந்தத் தாள்களில் இருப்பவர்கள் உங்களை நம்பிக் கொடுத்தவர்கள்.

5. புதிய படிவத்தின் தலைப்பிலேயே, விண்ணப்பதாரர் பெயருக்கு மேலே, பெரிய எழுத்தில் இந்த வரியை அச்சிடுங்கள்: "அடையாள ஆவணத்தின் ஒரிஜினலைக் காட்டினால் போதும். ஜெராக்ஸ் இணைக்க வேண்டாம்." கீழே, அடிக்குறிப்பில் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள், கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து நிற்பார்கள்.